இரத்தம் எங்கே, கொழுப்பு எங்கே, இறைச்சி யாருக்கு?

வாசகர் கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் வேதபாட வகுப்பை நடத்துகிறேன். அடுத்த மாதம் நான்கு வாரங்களுக்கு லேவியராகமம் 1 முதல் 7 வரை எடுக்க வேண்டும். எத்தனை முறை வாசித்தாலும் ஐந்து பலிகளும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. கை வை, வெட்டு, இரத்தத்தைத் தெளி, கொழுப்பை எரி. இதில் என்ன வித்தியாசம்? எல்லாமே பாவத்துக்காகத்தான் என்றால் ஐந்து எதற்கு? இத்தனை நுணுக்கமாகக் கட்டளை கொடுத்த தேவனே ஏசாயாவில் "உங்கள் பலிகள் எனக்கு எதற்கு" என்று கேட்கிறார் என்று யாராவது எழுந்து நின்றால் என்ன பதில் சொல்வது? இன்னொன்று: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆசரிப்புக் கூடாரத்தைப் பெரிய படமாக வரைகிறார்கள். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம். ஐந்தும் ஒன்றுபோலத் தெரிவது உங்கள் குறையல்ல. வெட்டுகிற இடத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு வாசிப்பதால் வருவது அது. மிருகத்தை வெட்டுவது எல்லாப் பலியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. அங்கே வித்தியாசம் தேடினால் கிடைக்காது. வெட்டிய பிறகு நடப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு பலிக்கும் மூன்றே கேள்விகள் போதும். இரத்தம் எங்கே போனது? அக்கினியில் எது போனது? மிஞ்சிய இறைச்சியை யார் சாப்பிட்டார்கள்? நோட்டில் ஐந்து வரிசை, மூன்று கட்டம் போட்டு வகுப்பாரையே வசனம் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். முதல் வாரமே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நிரப்புவதற்கு முன் ஒரு விஷயம். இந்த ஏழு அதிகாரங்களில் ஒவ்வொரு பலியும் இரண்டு தடவை வருகிறது. 1:1 முதல் 6:7 வரை பலி கொண்டுவருகிற ஜனங்களிடம் பேசுகிறது. 6:8இலிருந்து அநேகமாக ஆரோனிடமும் அவன் குமாரரிடமும் பேசுகிறது. ஜனங்களுக்குச் சொல்லாத விவரம் ஆசாரியருக்குச் சொல்லப்படும், ஆசாரியருக்குச் சொல்லாதது ஜனங்களுக்கு. அதனால் நேராக வாசித்துக்கொண்டு போகாமல் ஜோடி சேர்த்து வாசியுங்கள். சர்வாங்க தகனபலிக்கு 1ஆம் அதிகாரமும் 6:8-13உம். போஜனபலிக்கு 2ஆம் அதிகாரமும் 6:14-23உம். சமாதான பலிக்கு 3ஆம் அதிகாரமும் 7:11-36உம். பாவநிவாரணபலிக்கு 4:1 முதல் 5:13 வரையும் 6:24-30உம். குற்றநிவாரணபலிக்கு 5:14 முதல் 6:7 வரையும் 7:1-10உம். சமாதான பலி முதல் பட்டியலில் மூன்றாவதாகவும் இரண்டாவது பட்டியலில் கடைசியாகவும் நிற்பதைக் கவனிப்பீர்கள். இரண்டுமே பலி செலுத்தப்பட்ட வரிசை அல்ல. உண்மையில் எது முன்னே, எது பின்னே என்று பார்க்க 9ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கே ஜனங்களுக்காக முதலில் பாவநிவாரணபலி, அடுத்து தகனபலி, போஜனபலி, கடைசியில் சமாதான பலி. முதலில் சுத்திகரிப்பு, பிறகு முழு ஒப்படைப்பு, முடிவில் பந்தி.

இனி தகனபலி. 1ஆம் அதிகாரத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்று வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள். மிருகத்தைக் கொண்டுவருவது, தலையில் கை வைப்பது, வெட்டுவது, தோலுரிப்பது, துண்டிப்பது, குடல்களையும் தொடைகளையும் தண்ணீரில் கழுவுவது எல்லாம் கொண்டுவந்தவன் வேலை. இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தைச் சுற்றிலும் தெளிப்பது, நெருப்புப் போடுவது, விறகு அடுக்குவது, துண்டங்களை அதன்மேல் வைப்பது ஆசாரியர் வேலை. ஆசாரியன் வெட்ட, ஜனங்கள் தள்ளி நின்று பார்ப்பதுபோலப் படங்களில் வருவது லேவியராகமம் 1 அல்ல. பிற்காலத்தில், 2 நாளாகமம் 30, 35 அதிகாரங்களில், பஸ்கா ஆடுகளை லேவியர் வெட்டுகிறார்கள். 30ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: தங்களைச் சுத்தம் பண்ணிக்கொள்ளாதவர்கள் சபையில் அநேகர் இருந்தார்கள். ஆட்டை வெட்டும் இடம் பலிபீடத்தின் வடபுறம். தோல் மட்டும் ஆசாரியனுக்கு (7:8), மற்றதெல்லாம் அக்கினிக்கு. கட்டத்தில் "இறைச்சி யாருக்கு" என்ற இடத்தில் "யாருக்கும் இல்லை" என்று எழுதுங்கள். இந்தப் பலியின் பொருள் அந்த வெறுமையில்தான் இருக்கிறது.

6ஆம் அதிகாரம் இதோடு சாம்பல் அள்ளும் வேலையைச் சேர்க்கிறது. பிரசங்கங்களில் இது வருவதே இல்லை. தகனபலி இரா முழுவதும் பலிபீடத்தின்மேல் எரிய வேண்டும். விடிந்ததும் ஆசாரியன் சணல்நூல் அங்கியும் சணல்நூல் உள்ளாடையும் உடுத்திக்கொண்டு சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை உடுத்தி, சாம்பலைப் பாளயத்துக்குப் புறம்பே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பலிபீடத்தருகே ஓர் உடை, வெளியே வேறோர் உடை. எரிந்து தீர்ந்த சாம்பலுக்கும் குப்பைமேடு கிடையாது, சுத்தமான இடம்தான். காலைதோறும் விறகு போட வேண்டும், அக்கினி அவிந்துபோகக் கூடாது. காலையில் ஒரு வயதுள்ள ஆட்டுக்குட்டி ஒன்று, மாலையில் ஒன்று (யாத்திராகமம் 29:38-42, எண்ணாகமம் 28). ஓய்வுநாளில் இதற்குமேல் இன்னும் இரண்டு. இதுதான் ஆலய வழிபாட்டின் அன்றாடம். எருசலேமில் கி.மு. 586இல் பாபிலோனியர் முதல் ஆலயத்தை அழித்தபோது நின்றுபோனதும், கி.பி. 70இல் ரோமர் இரண்டாம் ஆலயத்தை இடித்தபின் இல்லாமலே போனதும் இந்தக் காலை, மாலைப் பலிதான். யூதர்களின் அன்றாட ஜெப வேளைகள் இன்றும் இந்த நேரங்களை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கின்றன.

போஜனபலியைத் தாவிப் போகாதீர்கள். இரத்தம் இல்லாத ஒரே பலி என்பதால் பலரும் அதைத் துணைக்கறியாக நினைக்கிறார்கள். மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். ஆசாரியன் ஒரு கைப்பிடி மாவையும் தூபவர்க்கம் முழுவதையும் எடுத்து எரிப்பான்; மீதி மாவு ஆசாரியர்களின் சாப்பாடு. ஆனால் ஆசாரியனே கொண்டுவரும் போஜனபலி முழுவதும் எரிக்கப்படும் (6:23). தன் காணிக்கையை அவனே தின்ன முடியாது என்ற இந்தக் கணக்கு பாவநிவாரணபலியிலும் திரும்ப வரும். புளித்த மாவும் தேனும் அக்கினியில் போகக் கூடாது, உப்பு இல்லாமல் எதுவும் போகக் கூடாது (2:11-13).

அளவு கேட்பார்கள். எண்ணாகமம் 15இல் இருக்கிறது. ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, கால் ஹின் எண்ணெய், கால் ஹின் திராட்சரசம். ஆட்டுக்கடாவுக்கு பத்தில் இரண்டு, மூன்றில் ஒரு ஹின். காளைக்கு பத்தில் மூன்று, அரை ஹின். எப்பாவைச் சுமார் 22 லிட்டர் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஹின் அதில் ஆறில் ஒன்று. அப்படியானால் ஆட்டுக்குட்டியோடு போவது ஏறக்குறைய 2.2 லிட்டர் மாவு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதற்கு முக்கால் லிட்டருக்கும் அதிகமான எண்ணெய். நன்றாக எண்ணெய் ஊறிய மாவு. காளைக்கு மாவு மூன்று மடங்கு கூடுகிறது, எண்ணெயோ இரண்டு மடங்குதான். வகுப்புக்கு ஒரு கிண்ணத்தில் மாவும் எண்ணெயும் கொண்டுபோய்ப் பிசைந்து காட்டினால், அது நெருப்பில் எப்படிப் பற்றும் என்று சொல்லாமலே புரியும்.

சமாதான பலிதான் உங்கள் "எல்லாமே பாவத்துக்காகவா" என்ற கேள்விக்கு நேர் பதில். இதில் பாவம் என்ற பேச்சே இல்லை. நன்றி சொல்ல, பொருத்தனை தீர்க்க, அல்லது உற்சாகமாய் மனம்வந்து கொடுக்க. ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். இரத்தம் பலிபீடத்தைச் சுற்றிலும். அக்கினிக்குப் போவது குடல்களை மூடிய கொழுப்பு, இரண்டு குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்), அவற்றின்மேல் உள்ள கொழுப்பு, கல்லீரலின்மேல் இருக்கிற ஜவ்வு. செம்மறியாடாக இருந்தால் முழு வாலும். அந்த வால் நம்மூர் வாசகரை முழிக்க வைக்கும். நம்மூர்ச் செம்மறியின் வால் விரல் நீளம், அதில் எரிக்க என்ன இருக்கிறது? மேற்காசியாவின் செம்மறிகள் கொழுப்பு வால் இனம். அவாசி என்ற இனத்தின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டுங்கள்: பின்பக்கம் அகன்று தொங்குகிற மூட்டை, முழுக்கக் கொழுப்பு. அந்த ஆட்டில் ருசியான, விலையுள்ள பாகம் அது. அதை நடுவெலும்பை ஒட்டி வெட்டி எடுத்து அக்கினிக்குக் கொடுக்க வேண்டும்.

மார்க்கண்டம் (நெஞ்சுப் பாகம்) அசைவாட்டப்பட்டு ஆசாரியர் எல்லாருக்கும். வலது தொடை இரத்தத்தைச் செலுத்திய ஆசாரியனுக்கு. மீதி முழுவதும் கொண்டுவந்தவனுக்கும் அவன் வீட்டாருக்கும். நன்றிபலியாக இருந்தால் அன்றைக்கே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், விடியும் வரை வைக்கக் கூடாது. பொருத்தனையோ உற்சாகபலியோ ஆனால் மறுநாளும் சாப்பிடலாம். மூன்றாம் நாளில் மிஞ்சியதை எரித்துவிட வேண்டும். தின்றால் பலியே செல்லாது (7:15-18). இந்தக் கெடுவை ஏதோ கண்டிப்பு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். ஒரு காளையை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று முடிக்க முடியாது. அக்கம்பக்கத்தைக் கூப்பிடாமல் இந்தச் சட்டத்தைக் கைக்கொள்ளவே வழியில்லை. உபாகமம் 12, 16 அதிகாரங்கள் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் பேர் சொல்கின்றன: வேலைக்காரர், லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை.

இங்கே தவறு எப்படி நடக்கும் என்பதற்கு வேதமே உதாரணம் தருகிறது. 1 சாமுவேல் 2இல் ஏலியின் குமாரர் காலத்தில், ஆசாரியனின் வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தோடு வந்து, கொதிக்கிற பானையில் குத்தி, வருவதை எல்லாம் எடுத்துக்கொள்வான். அதையும் விட மோசம், கொழுப்பை எரிக்கும் முன்னே பச்சை இறைச்சி கேட்பான். "முதலில் கொழுப்பு எரியட்டும்" என்று ஜனங்கள் ஆசாரியனுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மூன்று கட்டங்களை நிரப்பியவர்களுக்கு இந்தக் கதையின் குற்றம் எது என்று நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது.

பாவநிவாரணபலிக்கு ஒரு வாரம் முழுவதையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் இரத்தம் இடம் மாறுகிறது. மற்றப் பலிகளில் சுற்றிலும் தெளிக்கப்படுகிற இரத்தம், இதில் விரலால் எடுத்துப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது. மீதி பீடத்தின் அடியில் ஊற்றப்படுகிறது. யார் பாவம் என்பதைப் பொறுத்து மிருகமும் இடமும் மாறுகின்றன. சாதாரண ஜனத்துக்குப் பெண் வெள்ளாடு அல்லது பெண் செம்மறி. பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா. இவ்விருவருக்கும் இரத்தம் வெளியே தகனபலிபீடத்தின் கொம்புகளில். அபிஷேகம் பெற்ற ஆசாரியனோ சபையார் எல்லாருமோ பாவம் செய்தால் காளை. இரத்தம் கூடாரத்துக்குள்ளே போய், திரைக்கு எதிரே ஏழுதரம் தெளிக்கப்பட்டு, தூபபீடத்தின் கொம்புகளில் பூசப்படும். அந்தக் காளையை யாரும் தின்ன முடியாது, பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருதரம், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, இரத்தம் திரைக்கும் உள்ளே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனம் வரை போகும் (16ஆம் அதிகாரம்). பொறுப்பு கூடக் கூட இரத்தம் உள்ளே உள்ளே போகிறது.

இரத்தம் பாவம் செய்தவன்மேல் பூசப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள். 4ஆம் அதிகாரம் முழுவதிலும் அது பீடத்துக்கும் திரைக்கும்தான் போகிறது. பிள்ளை பெற்றவளும் (12ஆம் அதிகாரம்) இந்தப் பலியைக் கொண்டுவருகிறாள். பிள்ளை பெறுவது பாவமல்ல. புதிதாகச் செய்த பலிபீடத்துக்கே இது செலுத்தப்படுகிறது (8:15). பீடம் என்ன பாவம் செய்யும்? அதனால்தான் அறிஞர் பலர் இதைத் தேவன் வாசம்பண்ணும் இடத்தைத் தீட்டிலிருந்து சுத்திகரிக்கும் பலி என்று வாசிக்கிறார்கள். வசனங்களோடு பொருந்துவது அதுதான் என்பது என் கருத்தும்.

ஏழைக்கு 5ஆம் அதிகாரத்தில் வழி இருக்கிறது: இரண்டு காட்டுப்புறாக்கள் அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள். அதற்கும் சக்தி இல்லையா? எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, எண்ணெயும் தூபவர்க்கமும் இல்லாமல். இரத்தமே இல்லாமல் மன்னிப்பு. "இரத்தம் இல்லாமல் எதுவுமே இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பழகியவர்கள் இந்த வசனத்தில் தடுக்கி விழுவார்கள். எபிரெயர் 9:22கூட "கொஞ்சங்குறைய எல்லாம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. லூக்கா 2:24இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்தது பறவைகள். லேவியராகமம் 12:8ஐப் பக்கத்தில் வைத்து வாசித்தால் அந்த வீட்டின் வருமானம் தெரியும்.

குற்றநிவாரணபலியில் கடாவைவிடக் கணக்கு முக்கியம். அடுத்தவன் பொருளை வஞ்சித்தவன் முதலில் முழுத்தொகையையும், மேலும் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவன் கையில் கொடுக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் என்றால் பன்னிரண்டாயிரம். அதன் பிறகே ஆட்டுக்கடா. இங்கே அவன் பொய்யாணையும் இட்டிருக்கிறான் (6:3), அது அறியாமல் செய்தது அல்ல. எண்ணாகமம் 5:7 அறிக்கையையும் சேர்க்கிறது. தானாக ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவனுக்கு வழி உண்டு. எண்ணாகமம் 15:30 சொல்கிறபடி துணிகரமாய்க் கைநீட்டுகிறவனுக்கு எந்த மிருகமும் உதவாது.

வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் மூன்று பிழைகளை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். கை வைப்பது என்றாலே பாவத்தை ஏற்றுவது என்பார்கள். சமாதான பலியிலும் கை வைக்கிறார்கள், ஏற்ற அங்கே பாவம் இல்லை. பாவம் ஏற்றப்படுகிற இடம் லேவியராகமம் 16:21; அங்கே இரண்டு கைகள், கூடவே வாயால் அறிக்கை, பாவங்களைச் சுமந்து போகிற அந்தப் போக்காடு வெட்டப்படவும் இல்லை, வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. அடுத்தது, பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டித் திரைக்கு உள்ளே அனுப்பினார்கள் என்ற கதை. வேதத்திலும் இல்லை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட மரபுத் தொகுப்பான மிஷ்னாவிலும் இல்லை, இடைக்காலத்தில் எழுந்தது. போக்காட்டில் கட்டிய சிவப்பு நூல் மிஷ்னாவில் உண்டு, லேவியராகமம் 16இல் கிடையாது. மிஷ்னாவைச் சொல்லக் கூடாது என்பதல்ல. அது இரண்டாம் ஆலய நடைமுறையின் நினைவு என்று பிரித்துச் சொல்லுங்கள். அதில் நல்ல விவரங்கள் இருக்கின்றன: பீடத்துக்கு ஒலிவ விறகும் திராட்சை விறகும் ஆகாது, அத்தி விறகு விரும்பப்பட்டது என்பதுபோல.

மூன்றாவது பிழைதான் உங்கள் ஏசாயா கேள்வி. ஏசாயா 1:11ஐ வாசிக்கிறவர் 15ஆம் வசனம் வரை நிறுத்தாமல் வாசிக்கட்டும். அங்கே ஜெபத்தையும் கேட்கமாட்டேன் என்கிறார். காரணமும் சொல்கிறார், கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கின்றன. இதை வைத்துப் பலியே வேண்டாமென்றார் என்று முடிவு கட்டினால், ஜெபமும் வேண்டாமென்றார் என்றும் சொல்ல வேண்டிவரும். திக்கற்ற பிள்ளையின் நியாயத்தையும் விதவையின் வழக்கையும் 17ஆம் வசனம் எடுக்கிறது. குற்றநிவாரணபலியின் சட்டமும் இதைத்தான் கேட்டது: முதலில் உரியவனுக்குக் கொடு. மத்தேயு 5:23-24இல் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்வதும் அதே வரிசை. எதிர்ப்பக்கம் மல்கியா 1:8. அங்கே தீர்க்கதரிசி பலி போதாது என்கிறார்: குருட்டையும் முடத்தையும் கொண்டுவருகிறீர்களே, அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள். லேவியராகமம் 22:19-25இல் உள்ள பழுதுப் பட்டியலை அவர் மனதில் வைத்தே பேசுகிறார். எபிரெயர் 10:4ஐ இதற்குப் பிறகு, கடைசி வாரத்தில் எடுங்கள். லேவியராகமம் 16 தெரியாதவர்களுக்கு அந்த நிருபத்தின் வாதம் பாதிதான் புரியும். எபிரெயர் 13:11-12இல் "புறம்பே" என்று வருவது பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட அந்தக் காளைதான்.

பிள்ளைகளின் படத்துக்கு வருகிறேன். ஒரு முழத்தை 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பிராகாரம் 45க்கு 22.5 மீட்டர், சுற்றிலும் தொங்கும் திரை 2.25 மீட்டர் உயரம். இடம் இருந்தால் சபை வளாகத்தில் கயிறு பிடித்துக் காட்டலாம். வாசல் கிழக்கே, அகலம் 9 மீட்டர். தகனபலிபீடம் 2.25 மீட்டர் சதுரம், உயரம் 1.35 மீட்டர், நான்கு மூலையிலும் கொம்பு. பெயெர்செபாவில் 1973இல் கிடைத்த கல் பலிபீடத்தின் படம் கிடைத்தால் கொம்பு என்பது என்னவென்று பிள்ளைகளுக்குப் புரியும். மாட்டுக் கொம்பு வரைந்து வருபவர்கள் உண்டு. வெண்கலத் தொட்டி பீடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில். குத்துவிளக்கில் மெழுகுவத்தி வேண்டாம், ஒலிவ எண்ணெய் ஊற்றிய ஏழு அகல்கள். உடன்படிக்கைப் பெட்டியின் தண்டுகளை உருவி வைக்கக் கூடாது (யாத்திராகமம் 25:15). பீடத்துக்குப் படிக்கட்டு வரைந்திருந்தால் அழிக்கச் சொல்லுங்கள், யாத்திராகமம் 20:26 அதைத் தடுக்கிறது. எருசலேமில் பீடம் உயரமானபோதும் 32 முழ நீளத்தில் சரிவுப்பாதைதான் இருந்தது என்று மிஷ்னா சொல்கிறது.